பெண்களுக்கான ஆன்மிக போதை மீட்பு இல்லங்கள்: உள்ளே என்ன நடக்கிறது? சேர்க்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்ட ஆண்களில் 7 பேரில் ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. பெண்களில் 18 பேரில் ஒருவருக்குத்தான். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் வெளியிட்ட 2024-ம் ஆண்டு உலக போதைப்பொருள் அறிக்கை தரும் கணக்கு இது.

அப்படியென்றால் மீதி 17 பெண்கள் என்ன ஆகிறார்கள்? பலர் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படுகிறார்கள். "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்ற ஒரு வரிக்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. நிலைமை கைமீறும்போது குடும்பம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே கோயில், தேவாலயம், தர்கா, ஆசிரமம் என்று ஏதோ ஒரு வாசலில் போய் நிற்கிறது. அங்கே யாரோ ஒருவர், "எங்க இல்லத்துல விடுங்க, பார்த்துக்கறோம்" என்கிறார்.

அந்த வார்த்தையை நம்பலாமா? உலகம் முழுக்க இப்படி இயங்கும் இல்லங்களில் உயிர் மீண்டவர்களும் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. எங்கே, எதனால் இந்த வித்தியாசம் வருகிறது?

சுருக்கமாக:

• தங்கும் இடம், நீண்ட காலம், துணைக்கு ஆட்கள் ஆகிய மூன்றும்தான் இந்த இல்லங்களின் பலம்.
• போதையை நிறுத்தும் முதல் சில நாட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.
• இந்தியாவில் இப்படிப்பட்ட இல்லங்களும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும்.
• 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

ஆன்மிக மீட்பு இல்லம் என்றால் என்ன?

மருத்துவமனையில் நடக்கும் போதை நீக்க சிகிச்சை பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்களில் முடிந்துவிடும். உடம்பிலிருந்து போதை இறங்க அது போதும். ஆனால் பழகிப்போன மனசுக்கு அது போதாது. வீடு திரும்பியதும் அதே தெரு, அதே ஆட்கள், அதே சண்டை. பலர் மீண்டும் அதே இடத்துக்குப் போய்விடுவது இதனால்தான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தங்கி மீளும் இல்லங்கள் வந்தன. 6 மாதம், 1 வருடம், சில இடங்களில் 2 வருடம்கூட அங்கேயே தங்கி, சமைத்து, வேலை செய்து, ஒருவருக்கொருவர் துணையாக வாழ்வதுதான் இதன் அடிப்படை. இதில் தியானம், பிரார்த்தனை, வேத வாசிப்பு, விரதம், சத்தியம் போன்றவை மீட்சியின் மையமாக இருந்தால், அது ஆன்மிக மீட்பு இல்லம்.

எல்லாமே ஒரே மாதிரி இல்லை. ஆன்மிகத்தோடு மருத்துவர், கவுன்சிலர் இரண்டும் வைத்திருக்கும் இல்லங்கள் ஒரு வகை. ஆன்மிகம் மட்டுமே போதும் என்பவை இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் பல நேரம் உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம்.

பெண்களுக்கு ஏன் தனி இல்லம்?

முதல் காரணம், பயம். போதைக்குள் விழுந்த பெண்களில் பலருக்குப் பின்னால் குடும்ப வன்முறையோ பாலியல் வன்முறையோ இருக்கிறது. ஆண்களோடு ஒரே வளாகத்தில் தங்கச் சொன்னால், மீள வந்தவர் மேலும் உடைந்து போவார்.

இரண்டாவது, குழந்தை. "நான் போயிட்டா பிள்ளைய யார் பார்ப்பா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் சிகிச்சைக்கே வராத அம்மாக்கள் ஏராளம். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, உடம்பு. ஆண்களைவிடப் பெண்கள் தாமதமாகத் தொடங்கினாலும், முதல் முறை தொட்டதிலிருந்து அடிமையாகும் கட்டம் வரையிலான தூரத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பம், மாதவிடாய், தாய்ப்பால் என்று தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு.

நான்காவது, எண்ணிக்கை. இந்தியாவில் 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பெண்களுக்கான இடங்களும் குறைவாகவே அமைந்தன. "ஆம்பளைங்க வார்டுதான் இருக்கு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் குடும்பங்களுக்கு, பெண்களுக்கென்றே ஒரு ஆன்மிக இல்லம் இருந்தால் அதுவே ஒரே வழியாகத் தெரிகிறது.

எங்கே தொடங்கியது இந்த முறை?

1935-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைத் தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவருமே குடியிலிருந்து மீளப் போராடியவர்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தன்னால் மட்டும் முடியாது என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது, செய்த தவறுகளைச் சரிசெய்வது என்று போகும் அதன் 12 படிகள் இன்றும் உலகின் பெரும்பாலான மீட்பு இல்லங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கின்றன. அந்தப் 'பெரிய சக்தி' யார் என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டதுதான் இது எல்லா மதத்தினரிடமும் பரவக் காரணம்.

அதே ஆக்ரனில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்துவந்த கன்னியாஸ்திரி இக்னேஷியா 1939-ல் ஒரு காரியம் செய்தார். குடிநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிகள் கட்டில் தர மறுத்த காலம் அது. அவர் ஒரு குடிநோயாளியை 'வயிற்று அழற்சி' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். டாக்டர் பாப் மருத்துவம் பார்க்க, இக்னேஷியா மனசைத் தேற்ற, ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் வந்துபோனார்கள். மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்தது அங்கேதான்.

1958-ல் டேவிட் வில்கர்சன் என்ற பெந்தகோஸ்தே போதகர் நியூயார்க் தெருக்களில் தொடங்கிய பணி, 'டீன் சேலஞ்ச்' என்ற பெயரில் வளர்ந்தது. பல இடங்களில் சுமார் 12 மாதம் தங்கும் திட்டம் இது. இதன் தொடர்ச்சியாக, 1967-ல் நியூயார்க் மாநிலத்தின் கேரிசனில் பெண்களுக்கென்றே வால்டர் ஹோவிங் இல்லம் உருவானது. டிஃபனி நகை நிறுவனத்தின் தலைவராக இருந்த வால்டர் ஹோவிங் அதற்கு உதவியதால் அந்தப் பெயர்.

இது கிறிஸ்தவத்தில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. தாய்லாந்தின் சரபுரி மாகாணத்தில் உள்ள தாம் கிராபோக் பௌத்த மடம் 1959 முதல் போதை அடிமைகளை மீட்டு வருகிறது. அதைத் தொடங்கியவர் ஒரு பெண் துறவி. முதல் சில நாட்கள் மூலிகைக் கஷாயம் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். அதோடு 'சஜ்ஜா' என்ற உறுதிமொழியும் உண்டு. நம் ஊரில் 'சத்தியம்' என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல்தான் அது. அந்த மடத்தின் துறவி சம்ரூன் 1975-ல் மகசேசே விருது பெற்றார்.

இந்தியாவில் 1981-ல் மும்பையில் பாதிரியார் ஜோ பெரேரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை, 12 படிகளோடு அய்யங்கார் யோகாவையும் சேர்த்தது. அவருக்கு 2009-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

5 பெண்களோடு தொடங்கிய நாஷ்வில் வீடு

பெண்களுக்கான இல்லம் எப்படி இருக்கலாம் என்பதற்கு அதிகம் பேசப்படும் உதாரணம், அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் உள்ள திசில் ஃபார்ம்ஸ்.

இதைத் தொடங்கியவர் பெக்கா ஸ்டீவன்ஸ். எபிஸ்கோபல் திருச்சபையின் பெண் பாதிரியார். அவருக்கு 5 வயதாக இருந்தபோது, பாதிரியாராக இருந்த அப்பாவைக் குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவர் மோதிக் கொன்றார். அதன் பிறகு சிறுவயதிலேயே தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் ஸ்டீவன்ஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

1997-ல் 5 பெண்களோடு 'மேக்டலீன்' என்ற பெயரில் ஒரு வீட்டைத் திறந்தார். பாலியல் தொழில், ஆள் கடத்தல், போதை என்ற மூன்றிலும் சிக்கியிருந்த பெண்கள் அவர்கள். தெருவுக்கும் சிறைக்கும் நடுவே மாறி மாறிப் போய்வந்தவர்கள்.

அந்த வீட்டின் விதிகள் எளிமையானவை. 2 வருடம் தங்கலாம். பணம் வாங்குவதில்லை. சாப்பாடு, மருத்துவம், கவுன்சிலிங், படிப்பு, வேலைப் பயிற்சி எல்லாம் அதிலேயே அடக்கம். முக்கியமான ஒன்று, இரவில் காவலுக்கு என்று ஊழியர் யாரும் வீட்டுக்குள் தங்குவதில்லை. சாவி பெண்களிடமே இருக்கும். வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு, "இது உங்க வீடு" என்று சொல்வதுதான் முதல் மருந்து என்பது அவர்கள் கணக்கு. புனித பெனடிக்டின் மடாலய ஒழுங்கிலிருந்து தூண்டுதல் பெற்ற 24 கொள்கைகள் அந்த வீட்டை நடத்துகின்றன.

கொஞ்ச காலத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. பெண்கள் மீள்கிறார்கள், ஆனால் வேலை கிடைப்பதில்லை. குற்றப் பதிவு உள்ளவருக்கு, வேலை அனுபவமே இல்லாதவருக்கு யார் சம்பளம் தருவார்கள்? கையில் காசு இல்லாவிட்டால் பழைய தெருவே மறுபடி கூப்பிடும். அதனால் 2001-ல் ஒரு தொழிலைத் தொடங்கினார்கள். மெழுகுவர்த்தி, குளியல் எண்ணெய், உடலில் தடவும் களிம்பு என்று தயாரித்து விற்கும் தொழில். செய்பவர்களும் அந்தப் பெண்கள்தான், சம்பளம் வாங்குபவர்களும் அவர்கள்தான். 'திசில்' என்பது தரிசில், சாலையோரத்தில் தானாக முளைக்கும் ஒரு முள் பூச்செடி. யாருக்கும் வேண்டாத இடத்தில் வேர்விட்டு நிற்கும் செடி என்பதால் அந்தப் பெயர். பிறகு அதுவே முழு அமைப்பின் பெயரும் ஆனது.

இந்த வீட்டில் ஆன்மிகம் இருக்கிறது. ஆனால் அதோடு டாக்டர், கவுன்சிலர், சம்பளம், நேரம் எல்லாமே இருக்கின்றன. இதைப் பார்த்து அமெரிக்காவின் வேறு நகரங்களிலும் இதே மாதிரி வீடுகள் தொடங்கப்பட்டன.

நம்பிக்கை எந்த இடத்தில் உதவுகிறது?

"சாமி கும்பிட்டா போதை போயிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் கிடைக்கும். நம்பிக்கையும் அதைச் சுற்றிய வாழ்க்கை முறையும் ஒருவருக்கு எதைத் தருகின்றன?

ஒன்று, நாள் ஒழுங்கு. காலையில் எழ வேண்டிய நேரம், பிரார்த்தனை, சமையல், வேலை, கூட்டம், தூக்கம். போதை கலைத்துப்போட்ட ஒரு நாளை இந்த வரிசை மறுபடி கட்டுகிறது.

இரண்டு, குற்ற உணர்ச்சியிலிருந்து விடுதலை. குடிக்கும் ஆணை 'குடிகாரன்' என்பதோடு ஊர் விட்டுவிடும். பெண் என்றால் அவளுடைய நடத்தை, தாய்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும். "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று யாராவது உறுதியாகச் சொல்வது அவளுக்கு வெறும் ஆறுதல் இல்லை. நாளைக்கும் எழுந்திருக்க ஒரு காரணம்.

மூன்று, புது உறவுகள். பழைய கூட்டத்தை விட்டால் தனிமை. அந்த இடத்தை நிரப்ப ஒரு சபையோ பஜனைக் குழுவோ வாரம் தவறாமல் இருக்கிறது.

இதற்கு ஆய்வு ஆதரவும் ஓரளவு உண்டு. 12 படி முறையையும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸையும் பற்றி 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குடியைத் தொடர்ந்து தவிர்ப்பதில் இந்த முறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. ஆனால் அது மதுவைப் பற்றியது. ஹெராயினுக்கோ வலி நிவாரணி மாத்திரைகளுக்கோ அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆபத்து எங்கே தொடங்குகிறது?

முதல் 4 நாட்கள்: பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் நடுக்கம், காய்ச்சல் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதே ஆபத்துதான். இந்த நேரத்தில் "பேய் இறங்குது, பொறுங்க" என்று ஒருவரைக் கட்டிப்போட்டால், அது அவரைச் சாகவிடுவதற்குச் சமம். மருத்துவமனையில் இதைத் தடுக்க மாத்திரையும் வைட்டமின் ஊசியும் இருக்கின்றன.

மருந்தை நிறுத்தச் சொல்வது: ஹெராயின், வலி நிவாரணி போன்ற ஓபியாய்டு வகை போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 2005 முதல் இருப்பவை இவை. இவற்றை முறையாக எடுப்பவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைகிறது. ஆனால் "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று சொல்லி இதை அனுமதிக்காத இல்லங்கள் நிறைய. மனநோய்க்கான மாத்திரையைக்கூட நிறுத்தச் சொல்லும் இடங்கள் உண்டு.

கர்ப்பிணிகள்: ஓபியாய்டு பழக்கம் உள்ள கர்ப்பிணி திடீரென்று நிறுத்துவது வயிற்றில் உள்ள சிசுவுக்கும் ஆபத்து. மருந்தோடு தொடர்ந்து கண்காணிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

வெளியே வரும் நாள்: இது பலருக்குத் தெரியாத விஷயம். பல மாதம் போதையைத் தொடாமல் இருந்தால், உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்த பிறகு ஒரு பலவீனமான நாளில் 'பழைய அளவை' எடுத்தால், அந்த ஒரே முறை மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தும் மருந்தில்லா இல்லங்களிலிருந்தும் வெளியே வரும் முதல் சில வாரங்களில் மரணம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

'80 சதவீத வெற்றி' என்றால் என்ன அர்த்தம்?

பல இல்லங்களின் நோட்டீஸில் பெரிய எண் ஒன்று இருக்கும். அதை எப்படிப் படிப்பது?

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பெண்கள் சேர்கிறார்கள். 70 பேர் பாதியிலேயே போய்விடுகிறார்கள். 30 பேர் முழுக் காலமும் தங்குகிறார்கள். அவர்களில் 24 பேர் ஒரு வருடம் கழித்தும் போதையைத் தொடவில்லை. இல்லம் சொல்லும்: "30-ல் 24, எங்க வெற்றி 80 சதவீதம்." கதவைத் தட்டி வந்தவர்களின் கணக்கில் அது 100-ல் 24.

இரண்டுமே பொய் இல்லை. ஆனால் மகளைச் சேர்க்கப் போகும் அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது எண். பாதியில் போன 70 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டால், நல்ல இல்லம் பதில் சொல்லும், அல்லது தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும்.

அரசு கண்ணை மூடிக்கொண்டால்?

1990-களில் அமெரிக்காவின் டெக்சாஸில் டீன் சேலஞ்ச் மையம் ஒன்றுக்கும் உரிமம் தரும் அரசுத் துறைக்கும் மோதல் வந்தது. தகுதி பெற்ற கவுன்சிலர் வேண்டும் என்றது அரசு. இது ஆன்மிகப் பணி, சிகிச்சை இல்லை என்றது மையம். கடைசியில் 1997-ல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது, ஆன்மிக மீட்புத் திட்டங்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு தரும் சட்டம் வந்தது. பதிலுக்கு, மருத்துவ ரீதியான போதை நீக்க சிகிச்சையை அந்த இல்லங்கள் தரக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள்.

இன்னொரு பக்கம், மதம் சார்ந்த மீட்புத் திட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்துவது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1996-லும் 2007-லும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. விரும்பிப் போவது வேறு. தள்ளி விடுவது வேறு.

கண்காணிப்பு இல்லாத ஆன்மிகக் காப்பகம் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்ததும் முக்கியம். மக்கள் தர்காவுக்கு வருவதை யாரும் தடுக்கவில்லை. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய 'தவா - துவா', அதாவது மருந்தும் வேண்டுதலும் என்ற முறை, பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. வேண்டுதலுக்கு வருபவர் அங்கேயே மனநல டாக்டரையும் பார்க்கலாம். இக்னேஷியா ஆக்ரனில் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. நடத்துவது அறக்கட்டளையா, ஆசிரமமா, சபையா என்பது முக்கியமில்லை. பாதிக்கப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பராமரித்தால் பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறைக்கு 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

உள்ளே இருப்பவருக்கு இந்தச் சட்டம் தரும் உரிமைகள்:

• சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது.
• தனி அறையில் அடைத்துவைக்கக் கூடாது.
• கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது.
• கட்டாய வேலை கூடாது. வேலை செய்தால் அதற்குரிய ஊதியம் தர வேண்டும்.
• சொந்த உடையை அணியலாம். மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையான பொருட்கள் கிடைக்க வேண்டும்.
• 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.
• தானாக விரும்பிச் சேர்ந்தவர், வெளியே போகக் கேட்கலாம். "வீட்ல கையெழுத்து போட்டாத்தான் விடுவோம்" என்று அவரைப் பிடித்துவைக்க முடியாது.
• இலவச சட்ட உதவி கேட்கலாம்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு பெற 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. ஆனால் அந்த மையம் அரசு நடத்துவதாகவோ அரசு அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பும் போகலாம். பதிவில்லாத இல்லத்தில் ஒரு வருடம் இருந்தாலும் இந்தப் பலன் கிடைக்காது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. பதிவுச் சான்றிதழ் எங்கே? காட்டத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம்.

2. முதல் வாரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? டாக்டர் தினமும் வருகிறாரா, எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்கிறது என்று பெயரோடு கேளுங்கள்.

3. ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகள் தொடருமா? சர்க்கரை, வலிப்பு, மனநலம், எச்.ஐ.வி. எதுவானாலும் "இங்க மாத்திரை கிடையாது" என்பது சிவப்பு விளக்கு.

4. இரவில் பொறுப்பில் இருப்பது யார்? பெண் ஊழியர் இருக்கிறாரா? ஆண்கள் எந்தப் பகுதிவரை வரலாம்?

5. குழந்தையைப் பார்க்கலாமா, கூடவே வைத்துக்கொள்ளலாமா?

6. வீட்டாரோடு போனில் தனியாகப் பேசலாமா? பக்கத்தில் ஆள் நின்றுகொண்டே பேச விடும் இடத்தில் உண்மை வெளியே வராது.

7. வேலை என்ன, பணம் யாருக்கு? சமையல், சுத்தம் செய்வது பொதுவான பங்கு. வெளியாருக்கு விற்கும் பொருளைச் செய்தால் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

8. வேறு மதத்தவர் என்றால்? பிரார்த்தனையில் கலந்துகொள்ளாவிட்டால் சாப்பாடோ சிகிச்சையோ நிறுத்தப்படுமா? மதம் மாறுவதை மீட்சிக்கு நிபந்தனையாக வைக்கும் இடம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேரப்போகும் பெண்ணிடம் கேட்டீர்களா? தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தால், அவருக்கு அது இன்னொரு வன்முறை. இடத்தை முன்கூட்டியே அவரோடு போய்ப் பார்த்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்களோடு அவரைத் தனியாகப் பேசவிடுவது நல்லது.

திரும்பி வந்த பிறகு?

இல்லத்தில் 1 வருடம் இருந்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீடும் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். அடித்த கணவன் அப்படியே இருந்தால், வீட்டில் பாட்டில் அப்படியே இருந்தால், 1 வருட உழைப்பு ஒரு வாரத்தில் கரையும். நாஷ்வில் வீடு வேலையையும் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். சொந்தக் காசு இருக்கும் பெண்ணால் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க முடிகிறது.

மறுபடி ஒருமுறை வழுக்கி விழுந்தால்? அது முழுத் தோல்வி இல்லை. சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் டாக்டரிடம் போவதுபோல, இதற்கும் போக வேண்டும். "இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்ணிட்டியே" என்ற ஒரு வார்த்தை, அடுத்த முறை அவர் உதவி கேட்கும் வாயை மூடிவிடும்.

எங்கே உதவி கேட்கலாம்?

• போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்: 14446
• மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ்: 14416
• பெண்கள் உதவி எண்: 181
• இலவச சட்ட உதவி: 15100

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம். பெண்களுக்குத் தங்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதை 14446-ல் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் போதை நீக்க சிகிச்சை உண்டு.

வலிப்பு, மனக்குழப்பம், மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். பிரார்த்தனையை ஆம்புலன்ஸில் போகும்போதும் செய்துகொள்ளலாம்.